அந்தக் கல்லை எடுத்த இடத்தில் வையுங்கள்

பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் கோடைச் சுற்றுலா ஒழுங்கு செய்யும் தமிழ்ச் சங்கங்கள், ஊர் ஒன்றியங்கள், பழைய மாணவர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

போன வருடம் ஓகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டி வந்த சனிக்கிழமை, உங்களில் ஒரு சங்கத்தின் இரண்டு பஸ்கள், தெற்குப் பிரான்சின் செவென் மலையில் இருக்கிற எங்கள் ஊர் ஆற்றங்கரையில் வந்து நின்றன. எந்தச் சங்கம் என்று எழுதப் போவதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியத் தேவையில்லை. நான் இந்த ஊரில் ஒரு சின்ன விடுதியின் குசினியில் வேலை செய்கிறேன். "டேய் தம்பி, செருப்பைக் கழட்டாதை, கல்லுக் குத்தும்" என்று ஓர் அம்மாவின் குரல் யன்னலால் கேட்டதும் கையிலிருந்த கத்தியைப் போட்டுவிட்டு ஏப்ரனோடு ஓடி வந்தவன் நான்தான். இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த பதினொரு வருடத்தில் தமிழ்க்குரல் என்றால் எனக்குத் தொலைபேசியில் வருவதுதான். உங்கள் மட்டன் றோலையும் சாப்பிட்டேன், ஆற்றங்கரையில் சுட்ட கோழிக்காலையும் சாப்பிட்டேன். ஆகவே இதில் குறை சொல்லும் இடங்களில் என்னையும் சேர்த்தே சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று பெடியள் ஆற்றை மறித்து ஓர் அணை கட்டினார்கள். நல்ல அணை. தட்டையான கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, முழங்கால் அளவுக்குத் தண்ணீரைத் தேக்கிவிட்டார்கள். அப்பாமார் அதே கல்லில் அடுப்பும் கூட்டினார்கள். கல் எங்கேயிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. ஆற்றுக்கல் விளிம்பு மழுங்கி வழுவழுவென்று இருக்கும். இவை விளிம்பு கூரான கற்கள். கரைக்கு மேலே உள்ள கற்கட்டிலிருந்து உருவி எடுத்திருந்தார்கள். ஒரு தள்ளுவண்டி அளவுதான் இருக்கும். பின்னேரம் ஆறு மணிக்கு பஸ் வெளிக்கிட்டது, நான் கைகாட்டிவிட்டு இரவுச் சாப்பாட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

ஒக்டோபரில் மழை வந்தது. இந்த மலைகளின் மழை பாரிஸில் தூறும் மழை மாதிரி இல்லை. எங்கள் ஊர்களில் ஐப்பசி கார்த்திகையில் அடித்து ஊற்றுமே, அந்தச் சாதி. கோடை முழுவதும் சூடேறிய மத்தியதரைக் கடலிலிருந்து ஈரக்காற்று வடக்கே ஏறி வந்து, முதலில் முட்டுகிற சுவர் இந்தச் செவென் மலைதான். முட்டி மேலே ஏறிக் குளிர்ந்து, இருந்ததையெல்லாம் அங்கேயே கொட்டும். 2020 செப்டம்பர் 19 அன்று இங்கே வால்ரோக் பக்கம் கொட்டிய மழை சுமார் 700 மில்லிமீட்டர். யாழ்ப்பாணத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் ஒரே நாளில். போன ஒக்டோபர் மழை அதற்குக் கிட்ட நிற்காது. ஆனாலும் கல் உருவிய இடத்தில் கட்டு வயிறு தள்ளியது, மூன்றாம் நாள் ஏழு மீட்டர் நீளத்துக்குச் சரிந்து, மேலே படியாக வெட்டி வெங்காயம் நட்டிருந்த தட்டின் மண்ணையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குள் போனது.

பஸ் யன்னலால் பார்த்துவிட்டு "என்ன இயற்கை!" என்று ஓர் அக்கா என்னிடம் சொன்னா. நானும் முதல் வருடம் அப்படித்தான் சொன்னேன். இந்தச் சரிவுகளில் இயற்கை விட்டுவைத்தது செங்குத்தான கல்லும் மழையில் ஓடிப்போகிற ஒரு சாண் மண்ணும்தான். மிச்சமெல்லாம் கைவேலை. மலையைப் படிபடியாக வெட்டி, வெட்டிய இடத்தில் கிடைத்த கல்லாலேயே கட்டு எழுப்பி, கட்டுக்குப் பின்னால் மண்ணை நிரப்பி, ஒவ்வொரு படியையும் ஒரு துண்டுத் தோட்டமாக்கியிருக்கிறார்கள். 'பன்செல்' என்பார்கள், இடத்துக்கு இடம் 'ஃபாயிஸ்' என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒக்சிதான் மொழிச் சொற்கள், பிரெஞ்சுக்கு முன்னம் இங்கே வீட்டுக்குள் பேசிய மொழி. மழை மண்ணைக் கீழே கொண்டுபோனால், அடுத்த நாள் பெண்கள் கூடையில் அள்ளி முதுகில் சுமந்து திரும்ப மேலே கொண்டுபோய்ப் போடுவார்களாம். கடகத்தில் மண் சுமந்த ஆச்சிமாரின் பேரப்பிள்ளைகளுக்கு இதை நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

காடு மூடிய மலையிலும் கூர்ந்து பார்த்தால் மரங்களுக்குள்ளே கோடு கோடாகக் கற்கட்டு தெரியும். ஒரு காலத்தில் ஆளிருந்து பயிர் செய்த தட்டு எல்லாம் இப்போது காடு. பன்றி வந்து கிளறினால் ஒரு கல் விழும், ஒரு கல் விழுந்தால் பக்கத்துக் கல் தளரும், தூக்கி வைக்க ஆள் இல்லை. 2011-ல் யுனெஸ்கோ இந்தச் செவென் மலைகளையும் பக்கத்துக் கோஸ் மேட்டுநிலத்தையும் உலக மரபுச் சொத்தில் சேர்த்தது. சேர்த்ததற்குச் சொன்ன காரணம் மனிதரும் மந்தையும் சேர்ந்து உண்டாக்கிய நிலம் என்பது. 2018-ல் சாந்து இல்லாமல் கல் அடுக்கும் கலையையும் பிரான்ஸ் உட்பட எட்டு நாடுகளின் பெயரில் இன்னொரு பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியல் நல்லதுதான். விழுந்த கல்லைத் தூக்கி வைக்கத்தான் இன்னும் ஆளில்லை.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் காலமை தட்டின் சொந்தக்காரர் குசினிக் கதவடிக்கு வந்தார். எண்பது தாண்டிய கிழவர். நான் அவரை 'முசியு' என்று கூப்பிடுவேன், அவர் என்னை நீ என்று சொல்வார், பதினொரு வருடமாக அப்படித்தான். "உன் முதுகு எப்படி, நல்லா இருக்கா?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன். "அப்படியென்றால் திங்கட்கிழமை வா." திங்கள் விடுதிக்கு லீவு என்று அவருக்குத் தெரியும். கல்லை யார் உருவினார்கள் என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முதல் நாள் கட்டவே இல்லை. விழுந்ததைக் கலைத்து, பெரிய கல், தட்டைக் கல், சிறு கல் என்று மூன்று குவியலாகப் பிரித்தோம். அவர் ஆற்றுக்குள் இறங்கி, உங்கள் அணையிலிருந்த கற்களையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஏற்கெனவே மேலே கொண்டுவந்து வைத்திருந்தார். அந்த வயதில். அதில் ஒன்று ஒரு பக்கம் கறுத்துக் கரி பிடித்து, கொழுப்பு வழிந்து காய்ந்து கிடந்தது. அது எந்த அடுப்புக் கல் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

இரண்டாம் கிழமை அடித்தளம். கெட்டி நிலம் வரும்வரை தோண்டி, அடி மலைப்பக்கம் சற்றுச் சாய்கிற மாதிரி வெட்ட வேண்டும். பெரிய கல் அடியில். கல்லின் நீளப்பக்கத்தை முகப்பில் காட்டக்கூடாது, அதை மலைக்குள்ளே போகவிட வேண்டும். நான் அழகு பார்த்து நீளத்தை வெளியே வைத்தேன், அவர் ஒன்றும் பேசாமல் திருப்பி வைத்தார். இரண்டு கல்லின் சந்தி மேலே மூன்றாவது கல் குந்த வேண்டும். முகப்புக்குப் பின்னால் மண் போடக்கூடாது, சிறு கல்லைக் கையால் இறுக்கி நிரப்ப வேண்டும். கட்டு மேலே போகப் போக மலையோடு சாய வேண்டும், ஒரு ஆள் சுவரில் சாய்ந்து நிற்கிற மாதிரி. "இரண்டு மூட்டை சீமெந்து வாங்கி வரட்டா முசியு? வண்டி இருக்கு" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தெருவோரத்தில் சீமெந்தால் கட்டின சுவரைக் கைகாட்டினார். நடுவில் வெடித்துப் பிதுங்கி நிற்கிறது. தண்ணீருக்கு வழி விடாத சுவரைத் தண்ணீர் தள்ளும். கற்கட்டு அதைத் தன் இடுக்குகளால் போகவிடும், அதனால் நிற்கும். இவ்வளவுதான் விஷயம்.

ஒரு தடவை ஒரு கல்லைத் தூக்கி இப்படியும் அப்படியும் பிரட்டிப் பார்த்து, சரிவராது என்று கீழே போடப்போனேன். "போடாதே. எடுத்த கல்லுக்கு ஒரு இடம் இருக்கும், தேடு" என்றார். கை கடுக்கக் கடுக்கத் தேடினேன். இருந்தது. இப்படி இரண்டு பேரும் நாள் முழுக்க முறிந்தாலும் இரண்டு சதுர மீட்டர் தாண்டுவது பெரும்பாடு. அந்த ஏழு மீட்டரில் ஐந்து முடிந்திருக்கிறது. கரி பிடித்த கல்லைக் கீழிருந்து நாலாவது வரிசையில் வைத்தார், கறுத்த பக்கம் உள்ளே இருக்கும்படி.

கல் கதை நீண்டுவிட்டது. மரத்தைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் போன வருடம் இரண்டு அம்மாமார் பச்சை முள்ளுக்காயை ஒரு பையில் நிரப்பி, "இது அவிச்சுத் தின்னலாமோ தம்பி?" என்று கேட்டார்கள். ஓகஸ்டில் செஸ்நட் காய்க்குள் ஒன்றும் இல்லை, முள்தான். பழம் விழுவது ஒக்டோபரில். அதுவும் காட்டுமரம் இல்லை. ஒவ்வொரு மரமும் யாரோ ஒட்டுக்கட்டி வளர்த்தது, ஒவ்வொரு தோப்புக்கும் சொந்தக்காரர் உண்டு. அடுத்த வீட்டு மாமரத்தில் கல்லெறியப் பிள்ளைகளை விடமாட்டோம்தானே.

இந்த மரத்தை இங்கே 'ரொட்டி மரம்' என்பார்கள். கோதுமை சரியாக விளையாத சரிவில் நூற்றாண்டுக் கணக்காக ஏழைகளின் வயிற்றைப் பார்த்தது இதுதான். எங்களுக்குப் பனை எப்படியோ அப்படி. பழம் தீனி, உடைந்த பழம் பன்றிக்கு, இலை ஆட்டுக்குப் படுக்கை, பலகை வீட்டுக்கு. உள்ளே குடைந்த அடிமரத்தை வெட்டி நிமிர்த்தி, மேலே ஒரு கற்பலகையை மூடி வைத்தால் தேன்கூடு. எங்கள் ஊருக்கு மேலே அப்படி ஒன்பது பெட்டிகள் ஒரு பாறையடியில் வரிசையாக நிற்கின்றன; தூரத்திலிருந்து பார்த்தால் தொப்பி போட்ட கிழவர்கள் கூடிக் கதைக்கிற மாதிரி இருக்கும்.

பழத்தை வருடம் முழுக்க வைத்திருக்க வேண்டுமே, அதற்குத்தான் 'கிளெட்' என்ற சின்னக் கல்வீடு. கீழே ஒரு அறை, மேலே இடைவெளி விட்டுச் சலாகை அடித்த பரண். பரணில் பழத்தைப் பரப்பி, கீழே செஸ்நட் கட்டையை மூட்டி, சுவாலை எழாமல் புகைய விடுவார்கள். மூன்று நான்கு கிழமை இரவு பகலாக நெருப்பு அணையக்கூடாது, எரியவும் கூடாது. கூரைக் கற்பலகைகளின் இடுக்கால் புகை கசியும். முதன்முதல் பார்த்தபோது வீடு பற்றி எரிகிறது என்று நினைத்து ஓடியிருக்கிறேன். காய்ந்த பிறகு தோலை அடித்து உடைத்துப் புடைத்தால் வெள்ளைக் கல் மாதிரிப் பருப்பு வரும். மூன்று கிலோ பச்சைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. நாங்கள் கிழங்கைக் கிழித்துக் காயவைத்து ஒடியலாக்கி மழைகாலத்துக்கு எடுத்துவைத்தோமே, அதே மூளை.

அந்தப் பருப்பை இரவு ஊறவைத்து, காலையில் மெல்லிய நெருப்பில் மணிக்கணக்காக அவித்தால் வருகிற கூழுக்கு 'பஜனா' என்று பெயர். மார்கழி பஜனை இல்லை, பஜனா. உப்புப் போட்டு, பால் விட்டு, சில வீடுகளில் கொஞ்சம் வைனும் விட்டுக் குடிப்பார்கள். புகைமணமும் இனிப்புமாக இருக்கும். உண்மையைச் சொன்னால், முதல் கிண்ணம் எனக்கு இறங்கவில்லை. இப்போது நவம்பர் வந்தால் நான்தான் விடுதியில் வைக்கிறேன். கொஞ்சம் மிளகு கூடுதலாகப் போடுவேன், ஒருவரும் குறை சொன்னதில்லை.

இந்த மரத்துக்கு வந்த கேடுகளும் கொஞ்சமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேரை அழுகச் செய்யும் 'மை நோய்', தோல் பதனிடும் சாயத்துக்காகத் தோப்புத் தோப்பாக வெட்டியது, பிறகு 1950-களில் பட்டையைத் தின்னும் பூஞ்சைநோய். கூடவே பிள்ளைகள் அலெஸ் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் போய்விட்டார்கள். முதலாம் உலகப் போரில் போனவர்களில் திரும்பாதவர்கள் பெயர் ஊர் நடுவே தூணில் இருக்கிறது. ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வரும்.

இனி நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்லப்போகும் விஷயம். ஆற்றுக்குப் போகிற வழியில், பழைய பண்ணைவீட்டின் ஓரத்தில், இரண்டு சைப்ரஸ் மரத்துக்கடியில் நாலைந்து கல் நட்டிருக்கும். சிலுவை இல்லை, சிலை இல்லை. உங்கள் பிள்ளைகள் அதைக் கோல்போஸ்ட் ஆக்கினார்கள். அவை கல்லறைகள். பிள்ளைகளில் பிழையில்லை, பார்த்தால் தெரியாது. ஆனால் பஸ் கொண்டுவந்த பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மலைச்சனம் புரட்டஸ்தாந்துகாரர். 1685-ல் பதினான்காம் லூயி, அவர்களுடைய சமயத்துக்கு அனுமதி கொடுத்திருந்த நாந்து ஆணையை இரத்துச் செய்தான். ஆலயங்களை இடித்தார்கள், போதகர்களை நாடு கடத்தினார்கள், கத்தோலிக்கராக மாறாதவருக்கு ஊர் இடுகாட்டில் இடமில்லை என்றார்கள். ஆகவே செத்தவர்களை இராவோடு இராவாகத் தங்கள் தோட்டத்திலேயே புதைத்தார்கள். 1702 யூலை 24 இரவு, போன்-து-மோன்வேர் என்ற ஊரில், ஆட்களைப் பிடித்து அடைத்து வதைத்த ஷைலா என்ற பாதிரியாரைக் கொன்றதோடு போர் மூண்டது. கம்பளி நூற்பவரும் இடையரும் ரொட்டி சுடுபவருமாக இருந்த, கமிசார்கள் என்று பெயர்பெற்ற கிளர்ச்சிக்காரர்கள் இரண்டு வருடம் அரச படையை மலைக்குள் அலைக்கழித்தார்கள். பிடிக்க முடியாத கோபத்தில் 1703 இலையுதிர்காலத்தில் படை வந்து 400-க்கு மேற்பட்ட ஊர்களையும் குடியிருப்புகளையும் எரித்தது. ஒளிய இடமில்லாமல் செய்தால் ஆட்கள் வெளியே வருவார்கள் என்ற கணக்கு. இந்தக் கணக்கை நாங்கள் வேறொரு நாட்டில் பார்த்தவர்கள். கல்லறை இல்லாமல் போவது என்றால் என்ன என்றும் எங்களுக்கு ஒருவர் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. அதனால்தான் அந்தப் பந்து எனக்கு இன்னும் மனதில் கிடந்து உருளுகிறது.

மியாலே ஊரில், கமிசார் தலைவர்களில் ஒருவரான ரோலான் பிறந்த வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1787-ல் அரசு மனம் மாறும்வரை காட்டுக்குள்ளும் குகைக்குள்ளும் கூடி ஜெபித்த அந்த நூறு வருடத்தை இவர்கள் 'பாலைவனக் காலம்' என்று சொல்வார்கள். அந்த அருங்காட்சியகத்தில் ஒரு பிரசங்க மேடை இருக்கிறது. படை வருகிறது என்றால் மடித்து, தானியம் அளக்கும் பீப்பாய் மாதிரி ஆக்கிவிடலாம். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள், ஒரு மணித்தியாலம் அவர்கள் போனைத் தொடமாட்டார்கள். செப்டம்பர் முதல் ஞாயிறு அங்கே செஸ்நட் மரங்களுக்குக் கீழே ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். அன்றைக்கு மட்டும் பஸ் கொண்டுவர வேண்டாம், நிறுத்த இடம் கிடைக்காது.

போன முறை நீங்கள் அந்தூஸ் மூங்கில் தோட்டத்துக்குப் போனீர்கள் என்று கேள்விப்பட்டேன். 1856-ல் தொடங்கிய தோட்டம், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மூங்கில் பார்க்க 700 கிலோமீட்டர் வந்தீர்களா என்று உங்கள் பெரியம்மா ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. அங்கேயிருந்து நீராவி ரயில் ஏறி சென்-ழோன்-து-கார் போனால், பழைய பட்டு நூற்பாலையில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1965 வரை ஓடிய ஆலை, பிரான்சின் கடைசி நூற்பாலைகளில் ஒன்று. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் படம் எடுத்த தங்கச்சிமாருக்கு அந்த இடம் பிடிக்கும். 1709 பெருங்குளிரில் பட்ட மரங்களுக்குப் பதிலாக முசுக்கட்டை நட்டுப் பெருகிய பட்டு, 1853-ல் பிரான்ஸ் முழுவதிலும் 26,000 தொன் கூடு என்ற உச்சத்துக்குப் போனது. அதில் பெரும்பங்கு இந்தப் பக்கம். பெண்கள் பூச்சிமுட்டையைத் துணிப்பையில் கட்டி உடலோடு வைத்து, உடல் சூட்டில் பொரிக்க வைப்பார்கள். நாலு தடவை தோல் உரித்த பிறகு கடைசி நாட்களில் புழு இலை தின்கிற சத்தம், ஓலைக்கூரையில் மழை பெய்கிற மாதிரி வீடெல்லாம் கேட்குமாம். பிறகு புழுவுக்கு நோய் வந்தது. 1865-ல் விஞ்ஞானி பஸ்தேர் அலெஸுக்கு வந்து நாலைந்து வருடம் ஆராய்ந்து நோயில்லாத முட்டையைப் பிரிக்க வழி கண்டார். அதற்குள் 1869-ல் சுயெஸ் கால்வாய் திறந்து, ஆசியப் பட்டு மலிவாக வந்து இறங்கிவிட்டது. ஊரில் யன்னல் சின்னதும் உயரம் பெரியதுமாக நிற்கிற வீடுகள் எல்லாம் புழுவுக்காக ஏற்றிய மாடிகள்தான்.

இப்போது நீங்கள் கேட்கலாம்: ஊரவனே விட்டுப்போன இடத்தில் நீ ஏன் நிற்கிறாய், எங்களை ஏன் கூப்பிடுகிறாய் என்று. 1970-களில் பாரிஸிலிருந்தும் மற்ற நகரங்களிலிருந்தும் தலைமயிர் வளர்த்த பெடியனும் பெட்டையும் கூட்டமாக இந்த மலைக்கு வந்தார்கள். ஊர்க் கிழவர்கள் சிரித்தார்கள், ஒரு குளிர் தாங்கமாட்டார்கள் என்றார்கள். அரைவாசிப் பேர் உண்மையாகவே ஓடிவிட்டார்கள். மிச்சப்பேர் ஆடு வாங்கினார்கள், பக்கத்து வீட்டு ஆச்சியிடம் பாற்கட்டி செய்யக் கற்றுக்கொண்டார்கள். இன்று பெலார்தோன் என்று பெயர்க்காப்புப் பெற்று விற்கிற உள்ளங்கை அளவு ஆட்டுப் பாற்கட்டி பிழைத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்குண்டு. கிழவர் ஒருநாள் சொன்னார், ஊரைக் காப்பாற்ற ஊரில் பிறந்திருக்க வேண்டும் என்று சட்டமில்லை, கல் தூக்கத் தெரிந்தால் போதும் என்று. என்னை மனதில் வைத்துச் சொன்னாரா, தன்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா தெரியாது. அவருடைய மகன்கள் இருவரும் லியோனில்.

ஆகவே என் வேண்டுகோள்கள். ஓகஸ்டில் வருவதென்றால் வாருங்கள், ஆற்றுத் தண்ணீர் ஒருவருக்கும் சொந்தமில்லை. ஆனால் அடுப்பு வேண்டாம். காட்டிலும் காட்டிலிருந்து 200 மீட்டருக்குள்ளும் சொந்தக்காரர் அல்லாதவர் நெருப்பு மூட்டுவது சட்டப்படி தடை, அதுவும் இந்த வறட்சியில் ஒரு பொறி போதும். கோழியை வீட்டிலேயே சுட்டுக்கொண்டு வாருங்கள், ஆறினாலும் ருசிதான். அடுக்கியிருக்கிற கல்லில் கை வைக்க வேண்டாம். நடைபாதையோரம் கோபுரம் கோபுரமாகக் கல் அடுக்கிப் படம் எடுக்கிறார்களே, அந்தக் கல்லும் ஏதோ ஒரு கட்டிலிருந்து வந்ததுதான். ஆட்டுப்பட்டிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, பூட்டியிருந்தால் பூட்டியபடி விடுங்கள். மந்தைக்குள் பெரிய வெள்ளை நாய் நின்றால் சுற்றிப் போங்கள், கூப்பிட்டுத் தடவ வேண்டாம். அது தன் வேலையைச் செய்கிறது. சாப்பாடு முழுவதையும் பாரிஸின் தமிழ்க்கடைப் பகுதியான லா சப்பலிலிருந்து கட்டிக்கொண்டு வராமல், வெங்காயத்தையாவது இங்கே வாங்குங்கள். இந்தத் தட்டுகளில் விளைகிற இனிப்பு வெங்காயத்தைச் சம்பலுக்கு அரிந்தால் கண் எரியாது. சம்பல் கொஞ்சம் இனிக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

முடிந்தால் யூனிலும் வந்து பாருங்கள். மாதத்தின் நடுவில், சூடு ஏறத் தொடங்கியதும், சமவெளி ஆடுகளை மணி கட்டி, நிறநிறமாய்க் குஞ்சம் வைத்து, 'திராய்' என்கிற பழைய ஆட்டுப்பாதைகளால் எகுவால், லோசேர் மலைகளுக்கு ஏற்றுவார்கள். மந்தை வருவதற்கு அரை மணித்தியாலம் முன்னமே மணிச்சத்தம் பள்ளத்தாக்கை நிரப்பிவிடும்.

என்றாலும் நான் உங்களை உண்மையில் கூப்பிடுவது நவம்பருக்கு. பதினோராம் தேதி விடுமுறையைச் சேர்த்து மூன்று நாள். இரண்டு பஸ் வேண்டாம், ஒரு வானும் பன்னிரண்டு பேரும் போதும். அந்த ஏழு மீட்டரில் இன்னும் இரண்டு மீட்டர் கட்ட இருக்கிறது. அதற்கு மேலே, யாரும் கல் உருவாமல் தானாகவே சரிந்த இன்னொரு கட்டும் கிடக்கிறது. அணை கட்டின பெடியளைக் கட்டாயம் அனுப்புங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை, கல்லைச் சந்தி பார்த்து அடுக்க அவர்களுக்குக் கை வருகிறது, நான் பார்த்தேன். கிழவரிடம் இதைச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, "எத்தனை பேருக்குச் சம்மட்டி வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

படுக்க விடுதியில் இடம் உண்டு, அந்த மாதம் காலியாகத்தான் கிடக்கும். கனத்த சப்பாத்தும் தோல் கையுறையும் நீங்களே கொண்டு வாருங்கள், என்னிடம் இரண்டு சோடிதான் இருக்கிறது. கிளெட் அப்போது புகைந்துகொண்டிருக்கும். பஜனா நான் வைப்பேன், பிடிக்காதவர்களுக்குச் சோறும் பருப்பும் உண்டு. கிழவருக்கு இஞ்சித் தேத்தண்ணி பழக்கிவிட்டிருக்கிறேன், ஆனால் இங்கே கிடைக்கிற தேயிலையில் சாயம் இறங்குவதில்லை. வரும்போது நல்ல இலங்கைத் தேயிலை ஒரு கிலோ, மறக்காமல்.

இப்படிக்கு,
கார்தோன் பள்ளத்தாக்கிலிருந்து,
அந்த ஏப்ரன்காரன்